புல்லுக்கு வயது கேட்பவர்கள்

இயற்கை என்கிற சொல்லை வைத்து நம் சூழலில் இரண்டு விதமான பேச்சுகள் நடந்துகொண்டிருக்கின்றன. ஒன்று, இயற்கை அதுபாட்டுக்கு அங்கே இருந்தது, மனுசன் போய்க் கெடுத்தான் என்பது. மற்றது, இயற்கை என்று தனியாக எதுவும் கிடையாது, எல்லாமே சொல்லாடல்களால் கட்டமைக்கப்பட்டதுதான் என்பது. முதலாவதைப் பேசுகிறவர்கள் கையில் மரக்கன்றோடு வருகிறார்கள். இரண்டாவதைப் பேசுகிறவர்கள் வெறுங்கையோடு வருகிறார்கள். அந்தமட்டில் அவர்களால் சேதாரம் குறைவு. இந்த இரண்டு பேச்சுக்குமே பிடிகொடுக்காத ஒரு விவகாரத்தைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். நீலகிரியின் மேல்மட்டத்துப் புல்வெளி தானாக உண்டானதா, மனிதர்கள் தீ வைத்து உண்டாக்கியதா என்கிற சர்ச்சை அது.

தாவரவியல்காரர்களின் உள்வீட்டுத் தகராறு என்று இதை ஒதுக்கிவிட முடியாது. இந்தக் கேள்விக்கு ஒரு காலத்தில் சொல்லப்பட்ட பதிலை நம்பித்தான் மலையின் மேற்பரப்பெங்கும் அந்நிய மரங்கள் நடப்பட்டன. இன்று அதே கேள்விக்கு அறிவியல் வேறு பதில் சொல்கிறது. அதை நம்பி அதே மரங்களை வெட்ட வேண்டும் என்கிறார்கள். பதில் தலைகீழாக மாறியிருக்கிறது. கேள்வி மட்டும் மாறவில்லை. கேள்வியை யார், எதற்காகக் கேட்கிறார்கள் என்று பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை என்பதால் இதில் தலையிடுகிறேன்.

முதலில் அந்த நிலத்தைச் சற்றுப் பார்த்துவிடுவோம். நீலகிரியிலும் பழனி, ஆனைமலைத் தொடர்களிலும் கிட்டத்தட்ட 1800 மீட்டர் உயரத்துக்கு மேலே போனால் மலைச்சரிவு முழுக்கப் புல். சரிவுகள் மடங்குகிற பள்ளங்களில் மட்டும், நீரோட்டத்தை ஒட்டி, குட்டையான மரங்கள் நெருக்கியடித்து நிற்கும் சோலை. புல்லும் சோலையும் கலப்பதில்லை. கத்தியால் கீறியதுபோல எல்லை. வரையாடு மேய்வது புல்லில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பூத்து, 2018இல் கடைசியாகப் பெருமளவில் பூத்த நீலக்குறிஞ்சி நிற்பதும் புல்லில்தான். குறிஞ்சி என்றதும் அடர்ந்த கானகத்தைக் கற்பனை செய்துகொண்டு 'தமிழனின் திணைக் கோட்பாடே சூழலியல்தானே' என்று மேடையேறுகிறவர்கள் இந்தச் சின்ன உண்மையைக் குறித்துக்கொள்ளலாம். நம் பொதுப்புத்தியில் இந்தப் புல்லுக்கு இடமே கிடையாது. அதை ஒழுங்காகப் பார்த்த ஒரே தரப்பு தமிழ் சினிமாக்காரர்கள்தான் என்று சொல்லத் தோன்றுகிறது. உதகையிலிருந்து கூடலூர் போகிற சாலையில் மிச்சமிருக்கிற புல்மேட்டுக்கு ஜனங்கள் வைத்திருக்கிற பெயர் ஷூட்டிங்மட்டம்.

வெள்ளைக்காரர்கள் இதைப் பார்த்தார்கள். 1819இல் மலையேறிய கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவனுக்கும் அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கும் இந்தப் புல்மேடுகள் தெற்கு இங்கிலாந்தை ஞாபகப்படுத்தின. 'டவுன்ஸ்' என்றே பெயரிட்டார்கள், குதிரையேறி நரி வேட்டை ஆடினார்கள். இந்தப் புல் யாருடையது என்று அப்போதே சண்டை வந்திருக்கிறது. எருமை மேய்க்கிற தோடர்களுக்கே நிலத்தின் மேல் உரிமை என்று சல்லிவன் வாதாடினார். (மலையில் அவருக்கும் ஏராளமான நிலம் இருந்தது என்பது வேறு விஷயம்.) மதராஸ் கவர்னராக இருந்த லஷிங்டன் ஒத்துக்கொள்ளவில்லை, மேய்ப்பதால் உடைமை வந்துவிடுமா என்பது அவர் தரப்பு. உழுதவனுக்கு நிலம், மேய்த்தவனுக்கு இல்லை. இந்த வாதம் பின்னால் வேறு வேஷத்தில் திரும்பி வரப்போகிறது என்பதால் சொல்லிவைக்கிறேன். பிறகு ஊட்டி ஊராகி, குளிருக்கு விறகு தேவைப்பட்டு, சோலைகள் கரையத் தொடங்கியதும், ஆஸ்திரேலியாவிலிருந்து கற்பூர மரமும் சீகையும் வந்திறங்கின. யூகலிப்டஸ் 1843வாக்கில் வந்துவிட்டது. 1882இல் மதராஸ் வனச்சட்டம் வந்தது. ரிசர்வ் காட்டுக்குள் மாடு மேய்ப்பதும் தீ வைப்பதும் குற்றமாயின.

புல்லின் பிறப்பைப் பற்றிய அறிவியல் சண்டை அச்சில் கூர்மையானது 1938இல். 'இந்தியன் ஃபாரஸ்டர்' இதழில் அந்த ஒரே ஆண்டில் இரண்டு கட்டுரைகள். சி.ஆர். ரங்கநாதன் என்கிற வன அதிகாரி, உறைபனிதான் புல்லைப் புல்லாக வைத்திருக்கிறது, திறந்த வெளியில் முளைக்கிற சோலைக்கன்றுகளை ராத்திரிப் பனி கருக்கிவிடுகிறது, ஆகவே இந்தப் புல்வெளி இந்தத் தட்பவெப்பத்துக்கு உரிய நிலையான தாவரக் கூட்டம்தான் என்றார். என்.எல். போர் மறுத்தார். மேய்ச்சலும் தீயும் சோலையை அழித்து உண்டாக்கியதே புல், மனிதனை விலக்கினால் காடு திரும்பி வரும் என்பது அவர் கட்சி. புத்தகப் படிப்பு அன்றைக்குப் போர் பக்கம்தான் இருந்தது. ஏனென்றால் 1916இல் அமெரிக்கரான ஃபிரடெரிக் கிளமெண்ட்ஸ் வகுத்த ஒரு கோட்பாடு அப்போது உலகத்துத் தாவரவியல் துறைகளை ஆண்டுகொண்டிருந்தது. ஒவ்வொரு தட்பவெப்பத்துக்கும் ஓர் உச்ச நிலை உண்டு. தாவரங்கள் படிப்படியாக அதை நோக்கி வளர்கின்றன. மழை மிகுந்த இடத்தில் அந்த உச்சம் காடு. அப்படியானால் மழை கொட்டுகிற மலையில் புல் நின்றால்? அது நடுப்படியில் முடங்கிப்போனது. யாரோ முடக்கியிருக்கிறார்கள். யார்? கையில் நெருப்போடு எருமைக்காரன் நிற்கிறானே.

இந்த ஏணியை நாம் வேறெங்கோ பார்த்திருக்கிறோம் இல்லையா? வேட்டையாடி, மேய்ப்பவன், உழவன், வணிகன் என்று ஆடம் ஸ்மித்தும் அவர் காலத்து ஸ்காட்லாந்துக்காரர்களும் மனிதகுல வரலாற்றுக்குப் போட்ட ஏணி. பிற்பாடு நம் இடதுசாரிகளும் கொஞ்சம் மாற்றி, கறாரான கட்டங்களாக மனப்பாடம் செய்த ஏணி. அதில் மேய்ப்பவன் உழவனாக முடியாமல் நின்றுபோனவன். இதில் புல் மரமாக முடியாமல் நின்றுபோனது. தோடர், புல் இரண்டுமே ஒரே படியில் உட்கார்த்திவைக்கப்பட்டதைத் தற்செயல் என்று நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். இரண்டும் 'இன்னும் ஆகாதவை'. ஆக்கிவிட வேண்டியது அரசின் பொறுப்பு. சோம்பேறி மேய்ச்சல்காரன், வெற்றுப் புல், வீணாய்க் கிடக்கிற நிலம் என்கிற வரிசை காலனிய ஆவணங்களில் மட்டுமில்லை, சுதந்திர இந்தியாவின் திட்ட ஆவணங்களிலும் அப்படியே தொடர்கிறது.

1952 வனக் கொள்கை நாட்டின் பரப்பில் மூன்றில் ஒரு பங்கு காடாக வேண்டும் என்றது. 1988 கொள்கை மலைப்பகுதியில் மூன்றில் இரண்டு பங்கு என்றது. தோல் பதனிட டானின் வேண்டும், அது சீகைப் பட்டையில் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து ஏன் இறக்குமதி, இங்கேயே நடுவோம். செயற்கைப் பட்டு நூலுக்கு மரக்கூழ் வேண்டும், சிறுமுகையில் விஸ்கோஸ் ஆலை வாய் திறந்து காத்திருக்கிறது. கற்பூர மரத்தை நடுவோம். சோலையை வெட்டி நட்டால் யாராவது கேட்பார்கள். புல்லை யார் கேட்பது? அது எப்படியும் 'சீரழிந்த காடு'தானே. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில் மேல்மட்டம் இப்படித்தான் நிரம்பியது. பழனி மலைக்கு ஒரு கணக்கு இருக்கிறது. செயற்கைக்கோள் படங்களை வைத்து அரசுமணியும் அவரோடு சேர்ந்தவர்களும் 2018இல் வெளியிட்டது. சுமார் நாற்பது ஆண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது. பெரும்பாலும் மரத்தோட்டங்களாகவும் விவசாயமாகவும். நீலகிரியில் எருமைகள் அருகின. தோடர் கோவில்களுக்குக் கூரை வேய்கிற சதுப்புப் புல்லைத் தேடி அலைய வேண்டியதாயிற்று.

தண்ணீர்க் கணக்கும் இருக்கிறது. இதை நம்மூரில் யாரும் பேசாதது எனக்கு ஆச்சரியம். உதகையிலுள்ள மத்திய மண்-நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தார் கிளென்மார்கன் பக்கம் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டார்கள். ஒன்றைப் புல்லாகவே விட்டார்கள். இன்னொன்றின் பாதிக்கு மேற்பட்ட பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் மரம் நட்ட ஓடையில் வருகிற தண்ணீர் சராசரியாக 16 விழுக்காடு குறைந்தது. வெட்டிவிட்டு அடிக்கட்டையிலிருந்து தளிர்க்கவிட்ட இரண்டாவது சுற்றில் சுமார் 25 விழுக்காடு. 1988இலும் 2003இலும் கட்டுரைகளாகவே வந்துவிட்டன. மரம் இருந்தால் மழை வரும் என்று பள்ளிக்கூடச் சுவர் எல்லாவற்றிலும் எழுதிவைத்திருக்கிற ஒரு மாநிலத்தில், மின்சார வாரியத்தின் அணைகளுக்கு மேலேயே நடந்த இந்தப் பரிசோதனை ஒரு துண்டுப் பிரசுரமாகக்கூட ஆகவில்லை.

ரங்கநாதனுக்கு வருவோம். 1993இல் 'நேச்சர்' இதழில் சுகுமார், ரமேஷ், பந்த், ராஜகோபாலன் என்கிற நால்வர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நீலகிரிச் சதுப்புகளில் அடுக்கடுக்காகப் படிந்து மட்காமல் கிடக்கிற தாவரச் சேற்றைத் தோண்டி, அதிலுள்ள கார்பனின் ஐசோடோப்பு விகிதத்தை அளந்தார்கள். வெப்பமண்டலப் புற்களில் பெரும்பாலானவை கார்பனைப் பிடிக்கிற விதம் வேறு, மரங்கள் பிடிக்கிற விதம் வேறு. அந்த வித்தியாசம் செத்த பிறகும் சேற்றில் தங்கிவிடுகிறது. இருபதாயிரம் ஆண்டுக் கதையை அந்தச் சேறு சொன்னது. மழை குறைந்த காலங்களில் புல் பரவியிருக்கிறது, மிகுந்த காலங்களில் மரவகைகள் மேலேறியிருக்கின்றன. பனியுகத்தின் உச்சத்தில், எருமை வளர்ப்பு என்கிற ஒன்று உலகத்திலேயே தோன்றாத காலத்தில், நீலகிரியில் புல் இருந்திருக்கிறது. 2020இல் அதுல் ஜோஷியும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு உறைபனியின் பங்கை நேரடியாகச் சோதித்தது. சோலை மரங்களின் கன்றுகள் திறந்த புல்லில் ராத்திரிப் பனிக்குத் தாக்குப்பிடிக்கவில்லை. அந்நியச் சீகை தாக்குப்பிடிக்கிறது. எண்பத்திரண்டு ஆண்டு கழித்து ஒரு வன அதிகாரியின் அனுமானம் உறுதிப்பட்டிருக்கிறது. பூமி சூடாகிப் பனி குறைந்தால் இந்தச் சமன்பாடு குலையும் என்கிற எச்சரிக்கையோடு.

ஆகப் புல் 'இயற்கை'. கேஸ் முடிந்தது, கட்டு மூடியாயிற்று என்றுதான் இப்போது பேசுகிறார்கள். உலக அளவில் பழங்காடு என்பதைப் போல 'முதுபுல்வெளி' என்கிற ஒரு கருத்தாக்கம் வந்திருக்கிறது. புல்வெளியைக் காப்பாற்ற வேண்டும் என்கிற குரல் எழுந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. என் சிக்கல் வேறு இடத்தில். புல்லைக் காப்பாற்றுவதற்கு அதன் வயது ஏன் தேவைப்படுகிறது?

பத்திரப் பதிவு ஆபீசில் மூலப்பத்திரம் கேட்பார்களே, அதுபோல இருக்கிறது இது. புல்லின் மூலப்பத்திரம் மனிதனுக்கு முந்தியது என்று நிரூபித்தால் புல்லுக்குப் பட்டா. மனிதனுக்குப் பிந்தியது என்றால் புல் ஆக்கிரமிப்பு. அகற்றி மரம் நடு. இரண்டு தீர்ப்பிலும் தோடரின் நிலை என்ன என்று பாருங்கள். புல் மனிதன் செய்தது என்றபோது அவர் காட்டை எரித்த குற்றவாளி. புல் மனிதனுக்கு முந்தியது என்கிறபோது அவர் பிற்பாடு வந்த வேற்றாள். இத்தனை தலைமுறை எருமை மேய்த்ததும், உலர்ந்த புல்லுக்குத் தீ வைத்து இளம்புல் எழவைத்ததும் ஒரு கணக்கில் பாவம், இன்னொரு கணக்கில் பொருட்டில்லை. அறிவியல் கட்சி மாறியிருக்கிறது, ஆனால் வெளியே நிற்கிற ஆள் அதே ஆள். லஷிங்டனின் வாதம் திரும்பி வரும் என்றேனே, அது இதுதான்.

போகட்டும், அந்த மூலப்பத்திரம்கூட அவ்வளவு சுத்தமானதில்லை. சுகுமார் குழுவுக்குப் பிறகு, 2007இல் கானேரும் மற்றவர்களும் நீலகிரியின் வெவ்வேறு இடங்களில் மண்ணைத் தோண்டிப் பார்த்ததில் வரலாறு இடத்துக்கு இடம் வேறாக இருந்தது. மழைக்குக் காடும் புல்லும் எல்லா இடத்திலும் ஒரேமாதிரி அசைந்துகொடுக்கவில்லை. ஒரு சரிவில் புல் என்றைக்கும் இருந்திருக்கிறது என்றும், பக்கத்துச் சரிவில் சோலையின் ஓரம் மனிதர்கள் வைத்த தீயில் பின்வாங்கியிருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது என்ன செய்வது? முதல் சரிவைக் காப்பாற்றி இரண்டாவதில் சீகை நடுவதா? வரையாட்டிடம் எந்தச் சரிவு என்று சொல்லியனுப்புவதா?

ஆப்பிரிக்காவில் இதற்கு நேர் எதிர்ப்பதமான கதை ஒன்று இருக்கிறது. கினி நாட்டின் கிசிடூகு பிரதேசத்தில் புல்வெளிக்கு நடுவே தீவு தீவாகக் காடு, ஒவ்வொரு தீவுக்குள்ளும் ஒரு கிராமம். முன்னே எங்கும் காடாக இருந்தது, கிராமத்தார் எரித்து அழித்ததுபோக மிச்சம் இவை என்று பிரெஞ்சு அதிகாரிகளும் அவர்களுக்குப் பின்னால் வந்த நிபுணர்களும் பல பத்தாண்டுகளாக எழுதிவந்தார்கள். ஜேம்ஸ் ஃபேர்ஹெட்டும் மெலிசா லீச்சும் 1996இல் கொண்டுவந்த புத்தகம் இதைப் புரட்டிப்போட்டது. பழைய விமானப் படங்கள், பயணிகளின் குறிப்புகள், கிழவர்களின் ஞாபகங்கள் எல்லாவற்றையும் வைத்துப் பார்த்தால், புல்வெளியில் குடியேறிய ஜனங்கள்தான் ஊரைச் சுற்றிக் காட்டை வளர்த்திருக்கிறார்கள். அங்கே மனிதர்கள் வளர்த்த காட்டை இயற்கையின் கணக்கில் வரவு வைத்தார்கள். இங்கே இயற்கையாக நின்ற புல்லை மனிதர்களின் கணக்கில் பற்று எழுதினார்கள். பிழைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதுபோலத் தெரிந்தாலும் பேரேட்டில் ஒரே பக்கம்தான் ஏறியிருக்கின்றன. நல்லது நடந்தால் இயற்கை, கெட்டது நடந்தால் ஊர்க்காரன். வில்லியம் குரோனன் 1995இல் 'வனாந்தரம்' என்கிற கருத்தைப் பற்றியும், அதற்கு முன்பே 1989இல் ராமச்சந்திர குஹா அமெரிக்கச் சூழலியலைப் பற்றியும் எழுப்பிய ஆட்சேபங்கள் இந்தப் பேரேட்டைப் பற்றியவைதான். அவற்றை நம்மவர்கள் மேற்கோளாக்கியதோடு நிறுத்திக்கொண்டார்கள்.

ஊர்க்காரனை விலக்கிப் பார்த்த இடங்களில் என்ன நடந்தது என்பதற்கும் ஆய்வுகள் உண்டு. ராஜஸ்தானில் பரத்பூர் பறவைச் சதுப்பில் 1982இல் மேய்ச்சலைத் தடைசெய்தார்கள். எதிர்த்த கிராமத்தார் மேல் துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. பிறகு பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கே பத்தாண்டுகள் நடத்திய ஆய்வு என்ன சொன்னது தெரியுமா? எருமைகள் தின்று மட்டுப்படுத்திவந்த ஒரு நீர்ப்புல் தடைக்குப் பிறகு சதுப்பை அடைத்துக்கொண்டது, பறவைகளுக்கு அது கேடு என்றது. மேய்ச்சலை நிறுத்தச் சொல்லி வாதாடியவர்களில் முதன்மையான சாலிம் அலியின் கழகமே இதைச் சொல்ல நேர்ந்தது. சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில், கர்நாடக எல்லைக்குள் பிலிகிரிரங்கன் மலை. அங்கே சோளகர்கள் கோடைத் தொடக்கத்தில் சருகுக்குச் சின்னத் தீ வைப்பார்கள். 1974இல் சரணாலயமான பிறகு அது நின்றது. உண்ணிச்செடி மண்டியதற்கு அதுவும் காரணம் என்று சோளகர்கள் சொல்லிவந்தார்கள். பிற்பாடு ஆய்வாளர்கள் அவர்களைக் கேட்டு எழுதினார்கள். ஊர்ப்பேச்சாக இருந்தபோது வதந்தி, கட்டுரையான பிறகு 'உள்ளூர் அறிவு'. அறிவுக்கும் அதிகாரத்துக்கும் உள்ள உறவைப் பற்றி ஃபூக்கோவைப் படிக்கிறவர்கள் ஒரு நடை அந்தப் பக்கம் போய்வரலாம்.

எல்லாமே சொல்லாடல்தான் என்கிற நண்பர்கள் இந்த இடத்தில் கைதட்டுவார்கள். கைதட்டலை ஏற்பதற்கில்லை. உறைபனி யாருடைய சொல்லாடலும் இல்லை. கன்று கருகுவதற்கு அது எந்தப் பிரதிக்குள் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. புல்வெளியைப் பிரதி என்று சொல்லிவிட்டு வாசிப்பின் இன்பத்தில் திளைப்பவருக்கும், தரிசு என்று சொல்லிவிட்டுக் குழி தோண்டுபவருக்கும் புல்லின் பெயர் ஒன்றுகூடத் தெரியாது என்பதில் வேற்றுமை இல்லை. ஆனாலும் அவர்கள் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது; அந்தப் பாதி எங்கே வேலை செய்கிறது என்பதை அவர்களே பார்ப்பதில்லை. காடு என்பதற்கு இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் வைத்திருக்கிற வரையறையைப் படியுங்கள். ஒரு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலம், அதில் மரக்கவிகை பத்து விழுக்காட்டைத் தாண்டினால் காடு. யாருக்குச் சொந்தம், என்ன மரம் என்பதெல்லாம் கணக்கில்லை. தோப்பும் தோட்டமும் இதில் காடாகிவிடும். சீகைத் தோட்டம் காடு. இருபதாயிரம் ஆண்டுப் புல் சைபர். சீகையை வெட்டிப் புல்லை மீட்டால் மாநிலத்தின் வனப்பரப்பு குறைந்துவிட்டதாக அடுத்த அறிக்கை சொல்லும். 2023ஆம் ஆண்டின் அறிக்கை காடும் மரமும் சேர்ந்து நாட்டில் 25.17 விழுக்காடு என்கிறது. மூன்றில் ஒன்றை எட்ட இன்னும் எங்கேயாவது நட்டாக வேண்டும். எங்கே? காலியாகத் தெரிகிற இடத்தில்.

இது நம்முடைய குமாஸ்தாக் குணம் என்று சிரித்துவிட்டுப் போகவும் முடியாது. 2019இல் 'சயன்ஸ்' இதழில் பாஸ்டினும் கூட்டாளிகளும், உலகத்தில் இன்னும் 90 கோடி ஹெக்டேர் மரக்கவிகைக்கு இடமிருக்கிறது, அதில் 205 கிகாடன் கார்பனை அடைக்கலாம் என்று ஒரு வரைபடம் போட்டார்கள். பத்திரிகைகள் கொண்டாடின. புல்வெளிகளையும் சவானாக்களையும் மரத்துக்கான காலியிடமாகக் காட்டியிருக்கிறீர்கள், கார்பன் கணக்கும் மிகை என்று வெல்ட்மனும் பலரும் அதே இதழில் மறுத்தார்கள். மூல ஆசிரியர்கள் 2020இல் திருத்தம் வெளியிட்டார்கள். திருத்தத்தை யார் கொண்டாடுவார்கள்? கிளமெண்ட்ஸின் ஏணி செத்துவிட்டது என்று துறைக்குள் எல்லோருக்கும் தெரியும். அதன் ஆவி செயற்கைக்கோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது.

நம் மொழியில் காடு என்கிற சொல்லுக்கு இந்த வியாதி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொங்கிலும் கரிசலிலும் 'காட்டுக்குப் போறேன்' என்றால் மானாவாரி நிலத்துக்கு வேலைக்குப் போவது. காங்கேயம் பக்கத்துக் கொறங்காடு முழுக்க மேய்ச்சல் நிலம்: கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மாடு. அதற்குப் பெயரும் காடுதான். முல்லைத் திணையின் காடு ஆயர்களும் மாடுகளும் இருக்கிற காடு. மரம் அடர்ந்து, ஆள் இல்லாமல் இருப்பதுதான் காடு என்பதை வனத்துறை நமக்குக் கற்றுக்கொடுத்தது. சுற்றுச்சூழல் இயக்கம் அந்தப் பாடத்தை ஒப்பிக்கிறது. பழந்தமிழர் பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. கொறங்காட்டில் புல் யார் வைத்தது, மனிதனா இயற்கையா என்று கேட்டால் காங்கேயத்துக் கவுண்டர் உங்களை ஒருமாதிரிப் பார்ப்பார். அந்தப் பார்வை எனக்குப் பிடித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த வேலிக்குள்ளும் யாருடைய மாடு மேயலாம், யார் கூலிக்கு வேலி கட்டுகிறார்கள் என்கிற கேள்விகள் உண்டு என்பதை மறந்துவிட்டுக் கொறங்காட்டைப் பொற்காலம் ஆக்குகிறவர்களோடு எனக்கு ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

இப்போது மலையில் என்ன நடக்கிறது? அந்நியத் தாவரங்களை அகற்றி வாழிடங்களை மீட்பதற்கென்று தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. 2023இல் வரையாட்டுத் திட்டம் தொடங்கியது. நல்லது. ஆனால் சீகை லேசில் போகிற சாதி இல்லை. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். வெட்டி வெயில் பட்டால், தீ பட்டால், கூட்டமாக முளைக்கும். ஒருதரம் காண்டிராக்ட் விட்டு வெட்டினால் முடிகிற காரியம் இது இல்லை. பழனி மலையில் பல ஆண்டுகளாகச் சோலைக்கன்று வளர்த்தவர்கள் வேறொரு சிக்கலைக் காட்டுகிறார்கள். பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரங்கள் தானாக முளைத்து வருகின்றன. அங்கே ஒட்டுமொத்தமாக வெட்டினால் வருகிற சோலையும் போகும், பழைய புல்லும் திரும்பாது என்கிறார்கள். எதிர்த்தரப்பு, அது முன்னே புல்லாக இருந்த சரிவு, சோலைக்கு அங்கே என்ன வேலை என்கிறது. எனக்கு முதல் தரப்பில் நியாயம் அதிகம் தெரிகிறது. எந்தச் சரிவில் வெட்டுவது, எதில் விடுவது, எதில் மேய்ப்பது என்று சரிவு சரிவாக முடிவெடுக்க வேண்டிய விஷயம் இது. இருபதாயிரம் ஆண்டுச் சேறு அதைச் சொல்லித் தராது.

அப்படி முடிவெடுக்கிற இடத்தில் யார் உட்காருவார்கள் என்பதற்குச் சட்டம் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. 2006 வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை உரிமையாகவே எண்ணியிருக்கிறது. சமூகத்தின் வன வளத்தைக் காக்கவும் மீட்கவும் நிர்வகிக்கவும் உரிமை உண்டு என்கிறது. தமிழ்நாட்டில் அது நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவொன்றால் 2008 முதல் பல ஆண்டுகள் தேங்கிக் கிடந்தது. பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்கள் 2011லேயே சமூக உரிமை வாங்கிவிட்டார்கள். 1882ஆம் ஆண்டுச் சட்டமும் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதில் தீயும் மேய்ச்சலும் குற்றம். ஒரு தோடர் மாசி மாதத்தில் தன் மந்துக்கு மேலே உள்ள சரிவில் புல்லுக்குத் தீ வைத்தால் அவர் 2006இன்படி நிர்வகிக்கிறாரா, 1882இன்படிக் கொளுத்துகிறாரா என்று ரேஞ்சர் ஆபீசில் யாராவது இதுவரை எழுத்தில் கேட்டிருக்கிறார்களா?